இருபது மில்லிமீட்டரும் மூன்று சாலைகளும்

கெய்ரோவிலிருந்து கேப் டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பும் ஐரோப்பியர்கள் பலர் போடும் கணக்கு எளிமையானது. ஊரில் குளிர் தொடங்கும் அக்டோபரில் புறப்படுவது, தென்கோடியில் கோடை நடக்கும் பிப்ரவரியில் போய்ச் சேருவது. வெயிலின் பின்னாலேயே போய்விடலாம் என்பது திட்டம். சிக்கல் என்னவென்றால், வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் வெயிலின் பின்னால் போகிறவர் மழையின் பின்னாலும் போகிறார். சூரியன் எங்கே தலைக்கு நேர்மேலே நிற்கிறதோ, ஏறக்குறைய அங்கேதான், சில வாரங்கள் பிந்தி, மழையும் கொட்டும்.

சூரியன் உச்சியில் காயும் பட்டையில் நிலம் சூடேறுகிறது, அதன் மேலுள்ள காற்றும் சூடேறி எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று ஓடிவருகிறது. இரண்டும் முட்டி மேலே ஏறும்போது அவை கொண்டுவந்த ஈரம் குளிர்ந்து மழையாகிறது. வானிலையாளர்கள் வெப்பமண்டலக் குவிமண்டலம் என்று சொல்வதை இங்கே மழைப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். கண்டத்தின் கிழக்குப் பாதியில் அது ஜூலையில் தோராயமாக 15 டிகிரி வடக்கில் இருக்கும், ஜனவரியில் 15 டிகிரி தெற்கில். ஆறு மாதத்தில் 30 டிகிரி, அதாவது சுமார் 3,300 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர். நல்ல சாலை கிடைத்தால் மோட்டார் சைக்கிள் ஒரு நாளில் 300 கிலோமீட்டர் ஓடிவிடும். அக்டோபரில் கெய்ரோவை விட்டுத் தெற்கே விரைகிறவர், முன்னால் சாவகாசமாக நகர்ந்துகொண்டிருக்கும் மழையைத் தானே துரத்திப் பிடிக்கிறார். பெரும்பாலும் கென்யாவில்.

நிலநடுக்கோட்டை மழைப்பட்டை ஆண்டுக்கு இரண்டு முறை கடப்பதால் கென்யாவுக்கு இரண்டு மழைக்காலங்கள். மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக்கு சுவாஹிலியில் மசிக்கா என்று பெயர். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருவது வூலி. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரே அடியாகக் கொட்டும். சாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே பக்கம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் ஓயும். கேப் டவுன் இந்தக் கணக்கிலேயே சேராது. அங்கே குளிர்காலத்தில், ஜூன் ஜூலையில்தான் மழை. ஆகவே கண்டம் முழுக்கக் காய்ந்திருக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. யார் எப்போது கிளம்பினாலும் எங்காவது நனைய வேண்டும். நடிகர்கள் இவான் மெக்கிரிகரும் சார்லி பூர்மனும் 2007-ல் மோட்டார் சைக்கிளில் ஸ்காட்லாந்திலிருந்து கேப் டவுன் வரை போனபோது மே மாதம் கிளம்பி ஆகஸ்டில் முடித்தார்கள். தெற்குப் பாதி அப்போது காய்ந்து கிடக்கும், கேப் டவுனைத் தவிர.

சஹாராவின் தெற்கு ஓரத்திலுள்ள சாஹெல், மழைப்பட்டையின் வறண்ட விளிம்பு. அங்கே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்யும் மழைக்குத் தனி குணம் ஒன்று உண்டு. ஈரம் தென்மேற்கில், கினி வளைகுடாவிலிருந்து வருகிறது. ஆனால் இடிமழை கிழக்கிலிருந்து வருகிறது. தரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்தில் வலுவான கிழக்குக் காற்று ஒன்று ஓடுவதால், மேகக்கூட்டங்கள் வரிசையாகச் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே நகர்கின்றன. மண்சாலையில் மோட்டார் சைக்கிளின் வேகமும் கிட்டத்தட்ட அதே. நைஜரிலிருந்து மாலியை நோக்கி மேற்கே ஓட்டுகிறவரை அந்தப் புயல் பின்னாலிருந்து பிடித்தால், கூடவே வரும். எதிர்த்திசையில் போகிறவருக்கு அரைமணி, ஒருமணி நேரத்தில் முடிந்துவிடும்.

மழை எப்போது வரும் என்ற கேள்விக்கு இப்படி நிறையப் பதில்கள் உண்டு. பயணத் திட்டங்களில் நான் அரிதாகவே பார்க்கும் கேள்வி வேறு: எந்த மண்ணின் மேல்? மாலை நேர இடிமழை ஒன்று 20 மில்லிமீட்டர் கொட்டுவது வெப்பமண்டலத்தில் சாதாரணம். அதே 20 மில்லிமீட்டர் வட கென்யாவில் மார்சபிட்டுக்கு அருகே பெய்தால் ஒரு கதை, கேமரூனின் கிழக்கே பெர்த்துவா பக்கம் பெய்தால் இன்னொரு கதை, பொட்ஸ்வானாவின் கலஹாரி மணலில் பெய்தால் முற்றிலும் வேறு. மழை வரைபடத்தை விரித்து வைத்துத் தேதி குறிக்கிறவர்கள் அதன் பக்கத்தில் ஒரு மண் வரைபடத்தையும் வைத்துக்கொண்டால் பாதித் துன்பம் குறையும்.

முதலில் மார்சபிட். அது ஒரு பழைய எரிமலை. அதைச் சுற்றிய சமவெளிகளில் எரிமலைப் பாறை உதிர்ந்து உண்டான கறுப்புக் களிமண் பரந்து கிடக்கிறது. கென்யாவில் அதை பிளாக் காட்டன் என்பார்கள், பருத்தியே விளையாத இடத்திலும். எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் வயல்களும், நீல நைல் கொண்டுவந்து கொட்டிய சூடானின் கெசீரா சமவெளியும் இதே வகை. கோவில்பட்டிக்காரருக்கோ விளாத்திகுளத்துக்காரருக்கோ அந்த மண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் கரிசலும் அதுவும் மண்ணியல் வகைப்பாட்டில் ஒரே வகுப்பு: வெர்டிசால்.

கரிசலில் ஸ்மெக்டைட் என்ற களிமண் தாது மிகுதி. அதன் ஒவ்வொரு துகளும் சுமார் 1 நானோமீட்டர் தடிமனுள்ள ஏடுகளின் அடுக்கு. ஏடுகளில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. அதைச் சமன்செய்ய கால்சியம், சோடியம் அயனிகள் ஏடுகளின் இடையே உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அந்த அயனிகள் நீர் மூலக்கூறுகளை உள்ளே இழுக்கும், ஏடுகள் விலகும், மண் உப்பும். கோடையில் நீர் போனதும் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

இந்த வெடிப்புகள்தான் பயணியை ஏமாற்றுகின்றன. முதல் மழையின் தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். மேற்பரப்பு லேசாக நனைந்திருக்கும், வண்டி போகும். இவ்வளவுதானா மழைக்காலம் என்று தோன்றும். அடுத்த மழையில் மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே இறங்காது. பெய்வதெல்லாம் மேலே உள்ள சில சென்டிமீட்டர் மண்ணோடு குழையும். காலையில் சாலையாக இருந்தது பிற்பகலில் உளையாகிவிடும். நடுவில் எச்சரிக்கை எதுவும் கிடையாது.

கரிசல் விவசாயிக்குப் பதம் தெரியும். இன்ன ஈரத்தில் ஏர் பூட்டலாம், இன்ன ஈரத்தில் கால் வைக்கக்கூடாது என்று மண்ணை உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஸ்வீடன் வேதியியலர் ஆல்பர்ட் ஆட்டர்பெர்க் 1911-ல் இதை எண்களாக்கினார். களிமண்ணில் ஈரம் ஏற ஏற, உதிர்கிற கட்டி ஒரு கட்டத்தில் உருட்டக்கூடிய மாவுப் பதமாகிறது. இன்னும் ஏறினால் ஓடுகிற குழம்பாகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட ஈரத்தில்தான் மண் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். செம்மண்ணில் அந்த இடைவெளி குறுகல், மழை விட்டதும் மண் அதைக் கடந்து காய்ந்துவிடும். கரிசலில் மிக அகலம். அதனால் மழை நின்று, வெயில் அடித்து, வானம் நீலமாகி, நாள்கணக்காகியும் மண் ஒட்டிக்கொண்டே இருக்கும். வானத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

மோட்டார் சைக்கிளுக்கு இதில் வரும் துன்பம் மிகவும் குறிப்பானது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படலம் மண்ணை ஏற்றிக்கொள்கிறது. முன்சக்கரத்துக்கும் அதன் மட்கார்டுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளிதான். சில பத்து மீட்டர் போவதற்குள் அது அடைத்துக்கொள்ளும். மேலும் மேலும் மண் திணிய, முன்சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். பின்சக்கரம் தள்ள, முன்சக்கரம் சறுக்கிக்கொண்டே போகும். வண்டியை நிறுத்தி, டயர் லீவரால் குத்தித் தோண்டி, ஐம்பது மீட்டர் போய், மறுபடி தோண்ட வேண்டும். காட்டுப்பாதைப் பந்தய வண்டிகளில் முன் மட்கார்டு ஹெட்லைட்டுக்குக் கீழே, சக்கரத்திலிருந்து வெகு உயரத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். விவரம் தெரிந்தவர்கள் கரிசல் தொடங்கும் இடத்திலேயே மட்கார்டைக் கழற்றி மூட்டையோடு கட்டிவிடுவார்கள். அப்புறம் சேறு முகத்திலும் ரேடியேட்டரிலும் அடிக்கும். ரேடியேட்டரின் இதழ்கள் அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். குறைந்த வேகம், அரைப்பிடி கிளட்ச், அடைத்த ரேடியேட்டர் மூன்றும் சேர்ந்தால் கிளட்ச் தட்டு கருகுவதற்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.

சேற்றில் பிடிமானம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் போலந்தில் பிறந்த பொறியாளர் மியெச்சிஸ்லாவ் பெக்கர். சாலையில்லாத நிலத்தில் வாகனம் ஓடும் இயற்பியலைப் பற்றி 1956-ல் புத்தகம் எழுதியவர். 1971-ல் அப்பல்லோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டியின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் பயன்படுத்திய சூத்திரம் இரண்டு பகுதிகளின் கூட்டல். மண் சக்கரத்துக்குத் தரும் பிடிமானத்தில் ஒரு பங்கு மண்ணின் ஒட்டுறவையும் டயர் தரையைத் தொடும் பரப்பையும் பொறுத்தது. மறு பங்கு வண்டியின் எடையையும் மண்துகள்களின் உராய்வையும் பொறுத்தது.

காய்ந்த மணலில் ஒட்டுறவு இல்லை, உராய்வுதான் எல்லாம். நீர் நிறைந்த களிமண்ணில் நேர்மாறு. அங்கே எடையை ஏற்றினால் அந்தப் பாரத்தைத் துகள்களுக்கு இடையிலுள்ள நீர் வாங்கிக்கொள்கிறது. நீரால் சட்டென்று வெளியேற முடியாது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவதில்லை, ஆகவே உராய்வும் கூடுவதில்லை. விளைவு, கரிசல் சேற்றில் வண்டியின் எடை கூடினால் பிடிமானம் கூடாது, புதைவது மட்டும் கூடும். டயரில் காற்றைக் குறைத்துத் தொடுபரப்பைப் பெருக்கினால் கொஞ்சம் பலன் உண்டு. வழக்கமாக 30 பிஎஸ்ஐ வைப்பவர்கள் சேற்றில் பாதியாக இறக்குவது அதனால்தான். மறந்துபோய் அதே காற்றோடு கல்பாதையில் ஏறினால் ரிம் வளையும், டியூப் கிழியும்.

பெரிய பயண வண்டிகளின் மேல் எனக்கு இருக்கும் சந்தேகத்துக்கு அடிப்படை இந்தச் சூத்திரம். 1,200 சிசி எஞ்சின், அலுமினியப் பெட்டிகள், கூடாரம், உதிரி டயர் எல்லாம் சேர்த்தால் ஆள் ஏறுவதற்கு முன்பே 300 கிலோவைத் தொடும். சாலைப் படங்களில் கம்பீரமாகத் தெரியும். கிழக்கு ஆப்பிரிக்காவில் போடா போடா, நைஜீரியாவில் ஒக்காடா என்று ஓடும் வாடகை மோட்டார் சைக்கிள்களில் கணிசமானவை இந்திய வண்டிகள். பஜாஜின் பாக்ஸரும், ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸும் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. 100, 125, 150 சிசி. எடை 110 கிலோவும் அதற்குக் கொஞ்சம் மேலும். பெரிய வண்டிக்காரர் சேற்றில் படுத்த வண்டியைத் தூக்க ஆள் தேடும்போது, செருப்புக்காலோடு ஒருவர் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓரமாகத் தாண்டிப் போவார். ஓட்டுநரின் கைத்திறமையில் பாதி, பெக்கரின் சூத்திரத்தில் பாதி. வண்டி சாய்ந்தால் ஓர் ஆளே தூக்கி நிறுத்தலாம் என்பது சூத்திரத்தில் வராத லாபம்.

விழுவது ஏன் அவ்வளவு எளிதாக நடக்கிறது? இருசக்கர வண்டி நிற்பது சக்கரம் சுழலும் வேகத்தால்தான் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை இப்போது யாரும் அப்படியே ஏற்பதில்லை. அந்தச் சுழல் விளைவை நீக்கிக் கட்டிய சோதனை சைக்கிளும் தானாக நின்று ஓடும் என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அடிப்படை விஷயம் வேறு. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்பி, சாயும் எடைக்குக் கீழே போய் நிற்கிறது. ஓட்டுகிறவர் அறியாமலே நொடிக்கு நொடி இதைச் செய்கிறார். லாரிச் சக்கரம் பதிந்த பள்ளத்துக்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டால் இது முடியாது. ஹேண்டில்பாரைத் திருப்பலாம், சக்கரம் பள்ளத்தின் சுவரில் இடிக்கும், வண்டி பக்கவாட்டில் நகராது. நகர முடியாத சக்கரம் சாய்வைச் சரிசெய்ய முடியாது. இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தரையை உந்திக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. பள்ளம் முழங்காலுக்கு மேல் ஆழமானால் கால்களுக்கும் இடமில்லை.

இனி பெர்த்துவா. கேமரூனின் கிழக்கு, காங்கோ, காபோன் எல்லாம் செந்நிற மண். நம்மூரில் செம்புராங்கல் என்று சொல்லும் லேட்டரைட்தான் அது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1807-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கல்லுக்குப் பெயர் சூட்டினார். அவர் அதைக் கண்டது கேரளத்தின் அங்காடிப்புரத்தில். கனமழையும் வெப்பமும் பல லட்சம் ஆண்டுகள் பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்து இழுத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய மண். இதிலுள்ள களிமண் தாது பெரும்பாலும் கேயோலினைட். அதன் ஏடுகள் இறுகப் பிணைந்தவை, தண்ணீரை நடுவே விடாது, உப்பாது. 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் மேலே ஒரு விரல் கனத்துக்கு வழுக்கும் படலம் உண்டாகும். அடியில் கெட்டியான சரளை. அகலமில்லாத டயர் இங்கே நல்லது, படலத்தை அறுத்துக்கொண்டு அடித்தரையைப் பிடித்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் வெயில் அடித்தால் சாலை மறுபடி சாலை. டீ குடித்துக் காத்திருக்கிறவர் ஜெயிப்பார்.

ஆனால் லேட்டரைட் சாலைக்கு ஒரு எதிரி உண்டு, ஈரமாக இருக்கும்போது ஏறும் லாரி. கேமரூன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு போன்ற நாடுகளில் இதற்காகவே மண்சாலைகளில் மழைத் தடுப்புகள் இருக்கின்றன. மழை தொடங்கியதும் சாலையின் குறுக்கே மரத்தையோ இரும்புக் குழாயையோ இறக்கிவிடுவார்கள். மழை விட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் கனரக வாகனங்களுக்குத் திறக்கும். மோட்டார் சைக்கிளைப் பெரும்பாலும் ஓரமாக விட்டுவிடுவார்கள். காவல்காரரின் இரக்கம் இல்லை இது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டி நடத்திய சாலைச் சோதனையில் ஒரு விதி கிடைத்தது. அச்சின் பாரம் கூடினால் சாலையின் சேதம் அதன் நான்காம் அடுக்கில் கூடும். ஆளும் சுமையும் சேர்ந்த சிறிய மோட்டார் சைக்கிளுக்கு அச்சுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், லாரியின் அச்சுக்கு 10 டன். நூறு மடங்கு பாரம். நூறின் நான்காம் அடுக்கு பத்துக் கோடி. சோதனை நடந்தது கட்டிய சாலைகளில், ஈர மண்ணுக்கு அடுக்கு எண் அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. இருந்தாலும் ஒரு லாரி செய்யும் கேட்டைச் செய்ய எத்தனை மோட்டார் சைக்கிள்கள் வேண்டும் என்று யோசித்தால் தடுப்புக் கட்டையின் நியாயம் புரியும்.

தடுப்பை மதிக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரிய எல்லையிலுள்ள எகோக்கிலிருந்து கேமரூனின் மாம்ஃபே வரையிலான சாலை நெடுநாள் உதாரணமாக இருந்தது. ஈரத்தில் ஏறிய லாரி தடம் பதிக்கும், தடத்தில் தண்ணீர் நிற்கும், நின்ற நீர் அடிமண்ணையும் இளக்கும், அடுத்த லாரி இன்னும் ஆழமாகப் பதிக்கும். வண்டியே மறைகிற அளவு பள்ளங்கள், இரண்டு பக்கமும் செம்மண் சுவர். அதைக் கடந்ததைப் பயணிகள் பதக்கம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொண்டார்கள். 2010-களில் அங்கே தார் போட்டுவிட்டார்கள். கென்யாவின் மார்சபிட்–மொயாலே நெடுஞ்சாலைக்கும் அதே பத்தாண்டில் தார் வந்தது. பழைய பயணிகள் சிலர் இதற்காக வருந்துகிறார்கள். பிரசவத்துக்கு மருத்துவமனை போக அந்தச் சாலையைத் தவிர வேறு வழியில்லாதவர்களிடம் அந்த வருத்தத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.

கலஹாரிக்கு அதிகம் சொல்ல வேண்டாம், ஏனென்றால் அங்கே மழை நன்மையே செய்கிறது. காய்ந்த மணலில் சக்கரம் உழும், முன்சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பும். 20 மில்லிமீட்டர் மழைக்குப் பிறகு மணல்துகள்களின் இடையே சிறு சிறு நீர்ப்பாலங்கள் உண்டாகி, அவற்றின் பரப்பு இழுவிசை துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. மெரினாவில் அலை பின்வாங்கிய ஈர மணலில் நடக்கும்போது கால் புதையாமல் இருப்பது இந்த விசையால். மழைக்கால மணல்பாதையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போகலாம். மணலின் நடுவே மக்காடிக்காடி போன்ற உப்புப் படுகைகள் வந்தால் மட்டும் கவனம். மேலே வெள்ளைப் பொருக்கு கெட்டியாகத் தெரியும், கீழே குழம்பு.

அதே பொட்ஸ்வானாவில் மழையே இல்லாத மாதத்தில் வெள்ளம் வரும். ஒக்கவாங்கோ ஆறு அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஜனவரி பிப்ரவரியில் பெய்த மழையை எடுத்துக்கொண்டு வருகிறது. வழியெல்லாம் ஏறக்குறைய சமதளம், நாணலும் பாப்பிரஸும் அடைத்த கழிமுகம். தண்ணீர் மவுன் நகரத்தை அடைய ஜூன் ஜூலை ஆகிவிடும். உள்ளூர் மழைக்காலம் முடிந்து மாதங்கள் ஆன பிறகு, மேகமில்லாத வானத்தின் கீழே, பாதைகள் தண்ணீருக்குள் போகின்றன.

ஆற்றைக் கடப்பதில் எல்லா மண்ணுக்கும் ஒரே கணக்குதான். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. பாயும் பொருளின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், அதாவது நாம் மெல்ல நடக்கும் வேகம், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று தள்ளும் அளவுக்கு ஒரு சக்கரத்தைத் தள்ளும். தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினால் முதலில் வண்டியில்லாமல் நடந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இவ்வளவுதான் காரணம். நடக்க முடியாத இடத்தில் ஓட்ட முடியாது. முதலை உள்ள ஆறுகளில் நடந்து பார்க்கும் யோசனைக்கும் வரம்பு உண்டு, உள்ளூர்க்காரர்களிடம் கேட்பது நல்லது. இடிமழையால் ஏறிய சிற்றாறு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். வெப்பமண்டல மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் பெய்வதால், மாலையில் கடக்க முடியாத ஓடை மறுநாள் விடிகாலையில் கணுக்கால் அளவாகியிருக்கும்.

வண்டி ஆற்றில் விழுந்தால் ஸ்டார்ட் பட்டனை அமுக்கக்கூடாது. எஞ்சினின் வேலையே உள்ளே வந்த வாயுவை அழுத்துவது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அழுந்தாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சினைச் சுற்றவிட்டால் தண்ணீர் அந்த ஓட்டை வழியே பீய்ச்சி வெளியே வரும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் மாற்ற வேண்டும். விழாமலே கடந்தாலும் சூடான எஞ்சின் திடீரெனக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது உண்டு. கரையில் நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டு இறங்குகிறவர்கள் பயந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

மின்னலைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது, ரப்பர் டயர் காப்பாற்றும் என்று. பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு ஓர் அடி ரப்பர் பொருட்டில்லை. காரில் இருப்பவரைக் காப்பது அதன் இரும்புக் கூடு. மோட்டார் சைக்கிளில் அந்தக் கூடு இல்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு மலைகள் உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று. கிஃபுகா என்ற ஊர்ப்பக்கம் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 158 மின்னல்கள் என்று செயற்கைக்கோள் பதிவுகள் காட்டின. அங்கே பிற்பகல் மேகம் கறுத்தால் வண்டியை நிறுத்திவிட்டு ஏதாவது கட்டடத்துக்குள் போவதே கணக்கு.

மழைக்காலப் பயணியை உண்மையில் படுக்கவைப்பது இவை எதுவும் இல்லை, கொசு. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் முக்கியக் கொசுக்களில் ஒன்றான அனாபிலஸ் காம்பியே முட்டையிட விரும்புவது பெரிய ஏரியில் அல்ல. வெயில் படுகிற, மீன் இல்லாத, தற்காலிகமான சின்னக் குட்டையில். மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலும் வண்டிச்சக்கரம் பதிந்த பள்ளத்திலும். லாரியும் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் சாலையில் போட்டுவிட்டுப் போன தடங்களில் தண்ணீர் நின்று, வெப்பமான இடத்தில் பத்து நாள் அளவில் முட்டை கொசுவாகிவிடுகிறது. பயணிகள் பலர் தடுப்பு மருந்தாக டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொள்கிறார்கள், மலிவு என்பதால். அது தோலை வெயிலுக்குக் கூச வைக்கும், நாள் முழுக்க வெயிலில் ஓட்டுகிறவருக்குக் கை புண்ணாகும். மலேரியாப் பகுதியை விட்டு வெளியேறிய பிறகும் நான்கு வாரம் அதைத் தொடர வேண்டும், ஏனென்றால் ஒட்டுண்ணி ஈரலில் ஒளிந்திருக்கும் கட்டத்தில் டாக்ஸிசைக்ளினை நம்ப முடியாது, இரத்தத்துக்குள் வந்த பிறகுதான் பிடிக்கும். அடோவாகுவோன்–புரோகுவானில் ஈரல் கட்டத்திலேயே அடிப்பதால் ஏழு நாள் போதும், விலைதான் அதிகம். எதை எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

பயணம் முடிந்து வண்டியைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்புகிறவர்களுக்கு மண் விஷயம் அத்தோடு தீராது. வேற்று மண்ணோடு விதையும் பூஞ்சையும் பூச்சிமுட்டையும் நுழையும் என்பதால் இரு நாடுகளின் துறைமுகங்களிலும் வண்டியில் மண் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். காய்ந்த கரிசலைச் சுரண்டி எடுப்பது வீண்வேலை, ஊறவைத்தால்தான் இளகும். மட்கார்டின் உட்புறம், செயின் மூடியின் இடுக்கு, ரேடியேட்டர் இதழ்கள், எஞ்சினின் அடித்தகடு என்று டார்ச் அடித்துப் பார்த்து, மிச்சம் தெரிந்தால் திரும்பக் கழுவச் சொல்வார்கள். கழுவும் கட்டணம் வண்டிக்காரர் தலையில்.